மன்னார்க் கரையில் தன்னியக்க விளக்கு

பொழுது சாயும் வேளையில் இல்லத்தில் விளக்கேற்றுவது தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் வழக்கம். விளக்கை ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டும். அதனைத் தூண்டுவதற்கும் அணைப்பதற்கும் அதே கை வேண்டும். ஆனால் இன்று, மாலையில் தானே எரிந்து காலையில் தானே அணையும் விளக்குகளும், ஆள் நடமாட்டம் கண்டவுடன் ஒளிரும் விளக்குகளும், தொலைவிலிருந்தே ஏற்றவும் அணைக்கவும் கூடிய விளக்குகளும் வீடுகளுக்குள் புகுந்துவிட்டன. இவை நேற்றுத் தோன்றிய புதுமைகள் போலக் காணப்படினும், இவற்றின் பின்னால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

அவ்வரலாற்றை மன்னார்த் தீவையும் அதனைச் சூழ்ந்த கரையையும் முன்வைத்து நோக்குவது பொருத்தமுடையது. வீட்டு விளக்கு தன்னியக்கம் பெறுவதற்கு வழிகாட்டியவை மூன்று: கடலோர வெளிச்சவீடு, புகையிரதக் கைகாட்டி, கடலடித் தந்தி. இம்மூன்றும் ஒரே நிலப்பரப்பிற் கூடிய இடங்களுள் மன்னார் ஒன்று. இம்மூன்றும் கற்பித்த பாடமும் ஒன்றே. விளக்கைத் தானாக இயங்கச் செய்யுமுன், அதற்குச் செல்லும் கம்பி செம்மையாக இருக்கவேண்டும். பழுது நேர்ந்தால் விளக்கு எந்நிலையில் நிற்கும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும்.

மன்னார்க் கடல் ஆழங் குறைந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீளும் மணற்றிட்டுகள் ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் பெயர் பெற்றவை. பெருநிலப்பரப்பில், திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை, பண்டைக்காலத்திற் பல நாட்டுக் கலங்கள் வந்து தங்கிய துறைமுகம். தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில், முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளில், ஆளற்ற மணல்வெளி சில கிழமைகளுக்குள் பெரிய ஊராக மாறிவிடும். தோணிகள் இரவிற் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, விடியும்போது முத்துப்பார்களை அடைந்து, பிற்பகலிற் கடற்காற்றோடு திரும்பும். இத்தகைய வாழ்க்கையில் இரவு வெளிச்சம் ஆடம்பரமன்று. கரை எது, திட்டு எது எனக் காட்டும் உயிர்க்காவல் அதுவே.

ஆயினும் அவ்வெளிச்சம் முழுவதும் மனித உழைப்பையே நம்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் விளக்காயினும், பின்னாளில் வந்த மண்ணெண்ணெய்க் குப்பி விளக்காயினும், அரிக்கன் லாந்தராயினும், திரியைக் கத்தரிப்பதும், கண்ணாடிச் சிமினியின் கரியைத் துடைப்பதும், எண்ணெய் குறையும்போது ஊற்றுவதும் ஒவ்வொரு நாளும் ஒருவர் செய்யவேண்டிய வேலைகளாயின. வெளிச்சவீட்டிற் காவலர் ஒருவர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியிருந்தது. அவர் கண்ணயர்ந்தால் அதன் விலையைக் கடலிற் செல்வோர் கொடுக்க நேரும். ஆகவே, விளக்கைத் தானாக இயங்கச் செய்யும் எண்ணம் சோம்பலிற் பிறந்ததன்று. ஆள் தங்கமுடியாத பாறைகளிலும் மிதவைகளிலும் ஒளி தவறாமல் எரியவேண்டும் என்னும் கவலையே அதனைப் பிறப்பித்தது.

1914 மன்னாரின் வரலாற்றில் மறக்கமுடியாத ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதப் பாதையும் அவ்வாண்டிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலை நீராவிக் கப்பல் கடந்தது. சென்னையிற் புகைவண்டி ஏறியவர் கொழும்பிற் சென்று இறங்கும் வழி அவ்வாறு அமைந்தது. கப்பலுக்கு வெளிச்சவீடும் புகைவண்டிக்குக் கைகாட்டியும் இன்றியமையாதன. தலைமன்னார் இரண்டையும் பெற்றது.

அக்காலத்திற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1907இல், சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் குஸ்தாவ் தாலேன் என்பவர் சூரியத் தடுக்கிதழ் எனப்பட்ட கருவியை அமைத்திருந்தார். அசற்றலீன் வாயுவால் எரியும் கடல் விளக்குகளைப் பகலில் அணைத்து இரவில் ஏற்றுவது அதன் பணி. அதன் அமைப்பு மிக எளியது. நடுவிற் கருமை பூசிய உலோகக் கோல் ஒன்று. அதனைச் சுற்றிப் பளபளப்பாக மெருகிட்ட கோல்கள் சில. பகல் ஒளி படும்போது கருங்கோல் அதனை உறிஞ்சிச் சூடேறி நீளும். மெருகிட்ட கோல்கள் ஒளியைத் திருப்பிவிடுவதால் அவ்வளவு நீளமாட்டா. அந்தச் சிறு வேறுபாடே நெம்புகோல் ஒன்றினைத் தள்ளி வாயுவின் வழியை மூடும். இருள் சூழ்ந்ததும் கோல்கள் யாவும் ஒரே நிலைக்கு வரும், வழி திறக்கும், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர் பெருவிளக்கைப் பற்றவைக்கும். கடிகாரமும் இல்லை, காவலரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒளியே ஒளியை ஆளுகின்றது.

இவ்வகை ஒழுங்காக்கிகளுக்காகத் தாலேனுக்கு 1912ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வாயுச் சோதனை ஒன்றின்போது நேர்ந்த வெடிப்பில் அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பரிசை அவர் சார்பிற் பெற்றுக்கொண்டவர் கண் மருத்துவராகிய அவர் உடன்பிறந்தார். ஆயினும் தாலேன் தளரவில்லை. 1937இல் இறக்கும்வரை தம் நிறுவனத்தை நடத்தினார். அவருடைய கருவிகள் உலகின் பல கடற்கரைகளில் இரவுதோறும் விளக்கேற்றிக்கொண்டிருந்தன.

இங்கே சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சுவீடன் போன்ற வடநாடுகளிற் கோடையில் இரவு மிகக் குறுகியது; மாரியிற் பகல் மிகக் குறுகியது. சூரியன் மறையும் நேரம் மாதந்தோறும் மணிக்கணக்கில் மாறுகின்றது. மன்னாரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் இங்கு சூரியன் மறையும் நேரம் ஏறத்தாழ முக்கால் மணி அளவுக்குள்ளேயே முன்பின்னாகின்றது. ஆகவே மாலை ஆறு மணிக்கு எரியவும் காலை ஆறு மணிக்கு அணையவும் அமைத்த ஒரு நேர ஆளி, வடநாட்டில் நகைப்புக்கிடமாகும். மன்னாரில் அது போதுமானது. பிறநாட்டார் தம் தேவைக்குச் செய்த கருவி எதுவாயினும், அதனை வாங்குமுன் நம் வானத்தையும் நம் காற்றையும் நோக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் நேர ஆளிக்கும் ஒரு குறை உண்டு. அது கடிகாரத்தையே நம்பும். கடிகாரமோ அரசாணைக்கும் கட்டுப்படும். 1996 மே மாதத்தில் வரட்சியால் மின்சாரம் குறைந்தபோது, அதனைச் சேமிக்கும் நோக்கத்துடன் இலங்கையின் நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கே மீண்டது. நேர ஆளிகளை ஒவ்வொரு முறையும் திருத்தவேண்டி வந்திருக்கும். ஒளியை உணரும் கருவிக்கு இத்தொல்லை இல்லை. கார்த்திகை மழைமேகம் நாலு மணிக்கே வானத்தை இருட்டினாலும், அது இருளை அறிந்து விளக்கை ஏற்றும்.

இனிப் புகையிரதக் கைகாட்டியை நோக்குவோம். தண்டவாளத்தின் ஓரத்தில் உயர்ந்த கம்பத்தில் அமைந்த கையையும் விளக்கையும் தொலைவிலுள்ள நெம்புகோல் ஒன்று நீண்ட கம்பியால் இழுத்து இயக்கும். ஓரிடத்தில் நின்று வேறோரிடத்தில் ஒளியின் நிறத்தை மாற்றும் இவ்வேலை, இன்றைய தொலையாளுகைக்கு முன்னோடி. ஆனால் கைகாட்டியின் பெருமை அதன் இயக்கத்தில் மட்டும் இல்லை. அதன் பழுதிலேதான் உள்ளது. இழுக்கும் கம்பி அறுந்துவிட்டால், கை தன் எடையாலோ எதிரெடையின் விசையாலோ அபாய நிலைக்கே திரும்பும்; சிவப்பு ஒளியே தோன்றும். பழுதுபட்ட கருவி பொய்யாக ‘வழி உண்டு’ என்று சொல்லக் கூடாது என்பது புகையிரதத் துறையினர் விபத்துகள் பலவற்றின் வாயிலாகக் கற்றுக்கொண்ட விதி. வீட்டு விளக்குக்கும் இவ்விதி பொருந்தும். படிக்கட்டு விளக்கும் கிணற்றடி விளக்கும் பழுதினால் இருண்டுபோவதைவிட, எரிந்துகொண்டே நிற்பது நன்று. பகலிலும் எரிந்தால் சிறிது மின்சாரம் வீணாகும். இரவில் அணைந்திருந்தால் முதியவர் ஒருவர் இடறி விழக்கூடும்.

மூன்றாவது ஆசிரியர் கடலடித் தந்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இலங்கையின் தந்திக் கம்பி மன்னார் வழியாகவே கடலைக் கடந்து இந்தியாவுடன் இணைந்தது. தந்தியால் வளர்ந்தது மின்காந்த அஞ்சற்கருவி. வலிமை குன்றிய மின்னோட்டம் ஒன்று வந்து, வேறொரு வலிய மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் செய்வது அக்கருவி. இன்று சுவருக்குள் மறைந்திருந்து ‘டக்’கென்ற ஓசையுடன் விளக்கை ஏற்றும் சிறு பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் அதுவே.

தந்தியால் இன்னொரு நன்மையும் விளைந்தது. கடலடிக் கம்பிகளைச் சோதிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஆங்கிலேயராகிய வில்லபி சிமித் என்பவர், மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும் பொருளாகச் செலீனியக் கோல்களைப் பயன்படுத்தினார். அவற்றின் தடை ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டேயிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, ஒளி பட்டவுடன் தடை குறைகின்றது என்பது வெளிப்பட்டது. 1873இல் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கடலின் அடியில் இருளிற் கிடக்கும் கம்பியைச் சோதிக்கப் போனவர், ஒளியை மின்சாரத்தால் அறியும் வழியைக் கண்டுவிட்டார். பிற்காலத்தில் செலீனியத்தின் இடத்தைக் கட்மியம் சல்பைட்டு முதலிய பொருள்கள் பெற்றன. தெருவிளக்கின் தலையிற் சிறு குமிழ்போலக் காணப்படும் ஒளியுணரி அவ்வழியில் வந்ததே.

கடலும் தண்டவாளமும் தந்தியும் இவ்வாறு வழிகாட்டியபோதிலும், அவை காட்டிய வழி வீட்டுக்குள் வருவதற்கு மின்சாரம் வேண்டும். இலங்கையில் மின்விளக்கு 1895இல் கொழும்பில் வணிக முறையில் தொடங்கியது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட இலக்சபான மின்னிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1969 நவம்பர் 1ஆம் நாள் இலங்கை மின்சார சபை உருவாயிற்று. ஆயினும் மலைநாட்டுக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. நகரங்களின் வீடுகள் மின்னொளி பெற்ற பின்னரும், கரையோரச் சிற்றூர்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணையாக இருந்தது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெற்றோமாக்ஸ் வந்தது.

மின்சாரத்தோடு வந்தது, பேச்சு வழக்கிற் சுவிட்சு என்றும் பாடநூல்களில் ஆளி என்றும் வழங்கும் கருவி. தொடக்ககால ஆளிகள் மெல்லத் திறக்கும்போது தீப்பொறி தாண்டும். அதனால் அவை விரைவில் கருகிப்போகும். 1884இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், தொடுகை நொடியில் விலகும்படி அமைத்த ஆளியை உருவாக்கினார். கையின் வேகம் எதுவாயினும், உள்ளேயுள்ள வில்லின் வேகத்திலேயே சுற்று உடையும். இன்றும் சுவரிற் கேட்கும் ‘டிக்’ என்னும் ஒலி அவ்வேகத்தின் அடையாளமே.

இலங்கையின் வீட்டு மின்னிணைப்பு ஆங்கிலேயர் முறையைப் பின்பற்றியது. முதலில் மரச் சலாகைகளின்மேல் இறப்பர் உறையிட்ட கம்பிகள் ஓடின. பின்னர் பிளாத்திக்கு உறையிட்ட கம்பிகள் குழாய்களுக்குள் மறைந்தன. ஆனால் கம்பி செல்லும் வழி பெரிதும் மாறவில்லை. விளக்கொன்று எரிய இரு கம்பிகள் வேண்டும். ஒன்று மின்னழுத்தம் உடைய உயிர்க் கம்பி. மற்றது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நொதுமற் கம்பி. ஆளி எப்பொழுதும் உயிர்க் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் ஆளியை மூடியபின் குமிழ்தாங்கியில் ஆபத்து இராது. ஆகவே பல வீடுகளில் உயிர்க் கம்பி ஆளிக்கு ஆளி சென்றது. நொதுமற் கம்பி விளக்குக்கு விளக்கு சென்றது. ஆளிப் பெட்டிக்குள் நொதுமற் கம்பி வருவதே இல்லை. கையால் இயக்கும் ஆளிக்கு அது தேவையும் இல்லை. கம்பி மிச்சம்; வேலையும் எளிது.

அன்று செய்த அச்சிக்கனமே இன்று இடராக வந்து நிற்கின்றது. தன்னியக்க ஆளி ஒரு சிறு இயந்திரம். விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து நேரத்தையோ ஒளியையோ ஆணையையோ எதிர்பார்க்க வேண்டும். அதற்குச் சிறிது மின்சாரம் இடையறாது வேண்டும். நொதுமற் கம்பி இல்லாத பெட்டியில் அம்மின்சாரம் எங்கிருந்து கிடைக்கும்? விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தைக் கசியவிட்டுத்தான் அதனைப் பெறமுடியும். 60 வாற்று இழைக்குமிழ் இருந்த காலத்தில் அக்கசிவு கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைய 9 வாற்று எல்.ஈ.டி. குமிழோ மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் எதிர்வினை காட்டும். இரவில் அணைத்தபின் விளக்கு மங்கலாக ஒளிர்வதும், இடையிடையே மின்னுவதும் இதனால் நேர்பவையே. பேயோ பில்லியோ அன்று, கம்பியின் குறைதான்.

இக்குறை தோன்றுமுன்னரே வீட்டு விளக்கின் ஆளுகை பல படிகளைக் கடந்திருந்தது. படிக்கட்டின் கீழும் மேலும் இரு ஆளிகளை வைத்து, எதிலிருந்தும் ஒரே விளக்கை இயக்கும் இருவழி ஆளி முறை முதற்படி. இரு ஆளிகளுக்கும் இடையே இரு கம்பிகள் ஓடும். ஒன்று மூடிய வழியை மற்றது திறக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில், தாழ் அழுத்த மெல்லிய கம்பிகளாலும் அழுத்து பொத்தான்களாலும் அஞ்சற்கருவியை இயக்கி விளக்குகளை ஆளும் முறை சில வீடுகளில் இடம்பெற்றது. 1975இல் ஸ்கொத்துலாந்தில், வீட்டு மின்கம்பியின் வழியாகவே ஆணைக்குறிகளை அனுப்பும் ‘எக்ஸ் 10’ என்னும் முறை உருவாயிற்று. அதன்பின் வானொலி அலைகள் கம்பியின் இடத்தைப் பெற்றன. ஒவ்வொரு படியிலும் கையின் உழைப்பு குறைந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளின்மேல் வைக்கவேண்டிய நம்பிக்கை கூடியது.

மன்னார் மக்கள் இப்படிகளை வரிசையாக ஏறும் வாய்ப்பைப் பெறவில்லை. 1964 டிசெம்பர்ப் புயலில் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் போர் கடுமையாகித் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி, முசலி முதலிய இடங்களின் வீடுகள் ஒரே கிழமையில் இருண்டன. தமிழ்க் குடும்பங்கள் பலவும் படகேறி இராமேசுவரம் சென்று அகதி முகாம்களில் வாழ்ந்தன. தம் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுச் சென்றவர்களுள் எத்தனையோ பேர் அதனை மீண்டும் ஏற்ற வரவேயில்லை.

2009இற் போர் முடிந்தபின் மக்கள் திரும்பத் தொடங்கினர். 2010இல் தீவுக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2012 ஒக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் உதவிப்பணம் பெற்றுத் தம் வீட்டைத் தாமே கட்டின. 2015 மார்ச் 14ஆம் நாள் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையைச் சென்றடைந்தது. 2020 டிசெம்பரில், தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் தொடக்கிவைக்கப்பட்டது. அதன் வலு ஏறத்தாழ 100 மெகாவாற்று. மேலும் காற்றாலைகள் வருவதால் மழைநீர் வடிகாலும் மீன்பிடியும் வலசைப் பறவைகளும் பாதிக்கப்படும் என்ற கவலையை ஊர்மக்கள் 2025இற் போராட்டங்கள் வாயிலாக வெளிப்படுத்தினர்.

தம் வீட்டைத் தாமே கட்டியவர்களுக்கு முன்னோர் பெறாத ஒரு வாய்ப்பு வாய்த்தது. சுவரைப் பூசுமுன் கம்பி செல்லும் வழியை அவர்களே தீர்மானிக்கலாம். அன்று ஆளிப் பெட்டிக்கு ஒரு நொதுமற் கம்பியைக் கூடுதலாக இழுத்துவைக்கச் செல்லும் செலவு சிறிது. பூசி முடித்தபின் அதே கம்பியைக் கொண்டுவரச் சுவரை வெட்டவேண்டும். வீட்டுக் கம்பி ஒரு தலைமுறைக்குப் போடப்படுவது. கருவியோ சில ஆண்டுகளில் மாறிவிடுவது. ஆகையால் மிகுந்த சிந்தனை கம்பிக்கே உரியது.

கம்பி முன்னரே போடப்பட்ட வீடுகளில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நொதுமற் கம்பி வேண்டாத ஆளியைப் பொருத்தி, விளக்குக்கு இணையாகச் சிறு கொள்ளளவியொன்றை இணைப்பது. கசியும் மின்னோட்டம் அதன் வழியே சென்றுவிடுவதால் குமிழ் மங்கலாக ஒளிராது. இரண்டாவது, தன்னியக்கப் பெட்டியை ஆளியின் இடத்தில் வைக்காமல், இரு கம்பிகளும் கூடும் கூரையின் விளக்கடியில் வைத்து, சுவராளியை ஆணை தரும் பொத்தானாக மட்டும் பயன்படுத்துவது. மூன்றாவது, குழாய்க்குள் இடமிருப்பின் நொதுமற் கம்பியை முறையாக இழுத்துக்கொள்வது. இவற்றுள் மூன்றாவதே சிறந்தது. இரண்டாவது பல வீடுகளுக்கு எளிதில் பொருந்துவது. அறிவுக்குமிழ் எனப்படும் தானியங்கும் குமிழை வாங்கிச் சாதாரண ஆளியின் கீழ்ப் பொருத்துவதும் உண்டு. ஆனால் வீட்டில் ஒருவர் பழக்கத்தாற் சுவராளியை அணைத்துவிட்டால், அக்குமிழின் அறிவும் அதனோடு அணைந்துவிடும்.

செய்யத்தகாதன இரண்டு உண்டு. நொதுமற் கம்பி இல்லை என்று புவிக் கம்பியை அதற்குப் பதிலாக இணைப்பது முதலாவது. புவிக் கம்பி உயிர்காக்க வைத்தது. விளக்கெரிக்க வைத்தது அன்று. அதில் மின்னோட்டம் ஓடினால், 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ட்றிப் சுவிட்சு ஓயாது விழும். அஃது இல்லாத வீட்டில், புவியிணைப்பு எங்கேனும் அறுந்திருந்தால், கருவிகளின் உலோக உடலே அதிர்ச்சி தரும். வேறொரு சுற்றின் நொதுமற் கம்பியைக் கடன்வாங்குவது இரண்டாவது. ஒரு சுற்றின் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நம்பித் தொடுபவரை அது ஏமாற்றும். பழைய வீடுகளிற் கம்பியின் நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. சோதித்தே அறிதல் வேண்டும். இவ்வேலைகள் தகுதி பெற்ற மின்வேலையாளருக்கே உரியன.

மன்னாரின் உப்புக்காற்று இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை. அது செப்பைப் பச்சையாக்கும், திருகாணியை அரிக்கும், தளர்ந்த இணைப்பிற் சூட்டை எழுப்பும். கடலை நோக்கிய சுவரில் அமையும் ஒளியுணரி நீர்புகாத உறைக்குள் இருத்தல் வேண்டும். அதன் முகம் தன் விளக்கை நோக்காமல் வானத்தை நோக்க வேண்டும். இல்லையேல் தான் ஏற்றிய ஒளியைக் கண்டு பகலென மயங்கித் தானே அணைத்து, மீண்டும் இருளைக் கண்டு ஏற்றி, இரவெல்லாம் தடுமாறிக்கொண்டிருக்கும்.

மின்சாரமே நின்றுபோனால் என்ன செய்வது? 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் தீவு முழுவதும் ஒருசேர இருண்டது. கண்ணெதிரே காற்றாலைகள் சுழலும் ஊரிலும் இருள் விலக்கன்று. நாட்டு மின்வலை வீழ்ந்தால் அதனோடு இணைந்த காற்றாலைகளும் நிறுத்தப்படும். இத்தகைய வேளையில், மின்கலத்தாலோ சூரியத் தகட்டாலோ தனித்து இயங்கும் விளக்கு ஒன்றேனும் வீட்டில் இருத்தல் வேண்டும். மின்சாரம் இருந்தும் இணையத் தொடர்பு அற்றுப்போகும் வேளையும் உண்டு. அப்பொழுதும் சுவரில் கைவைத்தால் எரியும் ஆளி இருத்தல் வேண்டும். கருவி தானாக இயங்குவது வசதி. கை வைத்தாலும் இயங்குவது காவல்.

தாலேனின் கருங்கோல் வாயுவை மூடவும் திறக்கவும் மட்டுமே அறிந்தது. ஆயினும் பல்லாண்டுகள் பிழையின்றி உழைத்தது. கைகாட்டி, அறுந்தபோதும் உண்மையே சொன்னது. தந்திக் கம்பி, தன்னைச் சோதித்தவர்க்கு ஒளியின் மறைபொருள் ஒன்றை உணர்த்தியது. அவற்றின் வழியில் வந்த வீட்டு விளக்கு அவற்றின் நாணயத்தையும் உடையதாயிருத்தல் வேண்டும். பல ஆண்டுகள் இருண்டு கிடந்த கரையிற் புதிதாகச் சுவர் எழுப்புவோர், எந்தக் கருவியை வாங்கலாம் என்று எண்ணுமுன், கம்பியை நேராகவும் முழுமையாகவும் போட்டுவைப்பாராக. பிள்ளைகள் நாளை எந்தக் கருவியை விரும்பினாலும், அதனைத் தாங்கும் வழி அச்சுவருக்குள் ஆயத்தமாயிருக்கும்.